கீழே வீடுகள் இல்லை

சாரி-தால், 11 மார்ச் 2001

அக்கா,

மூன்று வருஷம் கழித்து எழுதுகிறேன். கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. அணைக் கரையில் என் ஆடுகள் மேய்ந்ததை அறிக்கையில் எழுதி, சொந்தத் தம்பிக்கே எச்சரிக்கைக் கடிதம் வாங்கிக் கொடுத்த பிஷ்கெக் அதிகாரியம்மாவை நான் மறக்கவில்லை. கடைத்தெருவில் இன்னமும், "என்ன மெதெர், ஆடெல்லாம் அக்காகிட்ட அனுமதி வாங்கிடுச்சா?" என்று கேட்கிறார்கள். இதில் முதல் ஆள் ஓமுர்சாக். என்னோடு மதகுச் சக்கரம் திருப்புகிறவன், தினமும் என் ரொட்டியில் பாதியைத் தின்கிறவன். ஆனால் உன்னைப் பற்றி யாராவது கோணலாகப் பேசினால் அவனே சண்டைக்கும் போகிறான். "கான்ஷாயிம் தம்பி ஆட்டையே விட்டு வைக்கலே. அவ எழுதினா அது சத்தியம்டா" என்பான். உன் பெருமையை என் காதில் ஓதுவதற்கென்றே அவனைப் படைத்திருக்கிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். என் மூத்தவன் அதிலெத்துக்குச் செப்டம்பரில் கல்யாணம். பெண் பெயர் ஜிபெக். பேச்சு கொஞ்சம், சிரிப்பு அதிகம், என் வீட்டுக்காரி பாத்மாவுக்குப் பிடித்துவிட்டது. மருமகள் வருவதற்குள் அவனுக்குத் தனி வீடு எழும்ப வேண்டும். மூத்தவன் பிரிந்து போவதும் கடைக்குட்டி வீட்டில் தங்குவதும் நமக்குப் புதிதா? மேலே ஊருக்குள் இடமே இல்லை. அணைக்குக் கீழே இருக்கிற சமவெளியில்தான் மனை கிடைத்திருக்கிறது.

கூரைக்குக் கவலை இல்லை. அவன் பிறந்த வருஷம் நட்ட நாற்பது பாப்லர் மரங்கள் இருக்கின்றன. மகன் பிறந்தால் எல்லாரும்தான் நட்டார்கள், வாய்க்கால் ஓரத்தில். வெயிலும் ஆடும் தின்றது போகப் பாதிகூட மிஞ்சவில்லை. நான் அணையின் அடிச்சரிவில் நட்டேன். அங்கே மண் எப்போதும் ஈரம். நாற்பதும் நாற்பதாக நிற்கின்றன, ஒவ்வொன்றையும் கட்டிப்பிடிக்க இரண்டு கை போதாது. சாறு ஏறுவதற்கு முன் வெட்டிவிட வேண்டும்.

ஒரே ஒரு உதவி. மனைப் பத்திரம் தருவதற்குக் கிராம அலுவலகத்தில் அணையின் அபாய வகைச் சான்று கேட்கிறார்கள். அதைப் புதுப்பிக்கும் காகிதம் இந்த வருஷம் உன் மேஜைக்குத்தான் வருகிறதாம். எப்போதும் போல மூன்றாம் வகை என்று எழுதிவிடு. உனக்கு ஒரு எண், எனக்கு ஒரு வீடு.

மெதெர்


பிஷ்கெக், 19 மார்ச் 2001

தம்பி மெதெருக்கு,

அதிலெத்துக்குக் கல்யாணம் என்று படித்ததும் அலுவலகத்திலேயே அழுதுவிட்டேன். பக்கத்து நாற்காலிக்காரி பயந்துபோய்த் தேநீர் கொண்டு வந்தாள். அந்தச் சந்தோஷத்தோடு கடிதத்தை மடித்து வைத்திருக்கலாம். அடுத்த பத்தியைப் படித்ததும் தேநீரைத் தள்ளி வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தேன்.

மரங்களை வெட்டாதே. இதை அதிகாரியாகச் சொல்லவில்லை, கெஞ்சிக் கேட்கிறேன். அந்த நாற்பது மரத்தின் வேர்களும் மண் அணைக்குள் இருபது வருஷமாக இறங்கியிருக்கின்றன. மரம் உயிரோடு இருக்கும்வரை வேர் இறுகிக் கிடக்கும். வெட்டினால் வேர் அழுகும். அழுகிய இடம் குழாயாகும். அணைக்குள் இருக்கிற தண்ணீருக்கு நாற்பது குழாய் வெட்டிக் கொடுத்த மாதிரி. உடனே ஒன்றும் தெரியாது. மூன்று வருஷம், நான்கு வருஷம் ஆகும். முதலில் தெளிந்த நீர் கசியும், பிறகு மண்ணும் சேர்ந்து வரும். மண் வர ஆரம்பித்தால் அணை உள்ளே இருந்து கரைகிறது என்று அர்த்தம்.

வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் இலையுதிர் காலம்வரை பொறு. நீர் குறைந்ததும் வேரோடு தோண்டி எடுத்து, களிமண் நிரப்பி, அடுக்கடுக்காகக் கெட்டிக்க வேண்டும். அதற்கு இயந்திரம் வேண்டும், ஆணை வேண்டும். அந்த ஆணையை நான் போட முடியாது. ஏன் தெரியுமா? காகிதத்தில் அங்கே மரமே இல்லை. பதினேழு அறிக்கைகளில் "சரிவில் புல் மட்டும்" என்று எழுதியவள் நான்தான். நீ நட்ட அன்று கன்றுகளை நேராகப் பிடித்துக்கொண்டு நின்றவளும் நான்தான். அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அணை மேல் மரம் கூடாது என்று அதே வருஷம்தான் பாடத்தில் வந்தது. அண்ணன் மகனாக இருந்திருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ, நீ என் சின்னத் தம்பி, உன் முதல் பிள்ளை, வாய் வரவில்லை. ஆடுகளைப் பற்றி எழுதியது, மரங்களை மறைத்த குற்ற உணர்ச்சியில்தான். சின்ன உண்மை ஒன்றை எழுதிப் பெரிய பொய்யைச் சமன் செய்யலாம் என்று நினைத்த முட்டாள் நான்.

வகை விஷயம். மூன்றாம் வகை என்றால் அணை உடைந்தால் புல் நனையும், அவ்வளவுதான். முதல் வகை என்றால் உயிர் போகும். கீழே எத்தனை வீடு என்பதை வைத்துத்தான் இது. போன வருஷம் அங்கே பத்தொன்பது வீடு என்று கேள்விப்பட்டேன். காகிதத்தில் இன்னும் ஆட்டு மேய்ச்சல் நிலம். இந்த முறை நான் எண்ணிவிட்டுத்தான் எழுதுவேன்.

கான்ஷாயிம்


சாரி-தால், 2 ஏப்ரல் 2001

அக்கா,

உன் கடிதம் வந்தபோது மரங்கள் தரையில் கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை ஊரே கூடி வேலை செய்தது. நாற்பது பேர் வந்தார்கள், கூப்பிடாதவர்களும் வந்தார்கள். பாத்மா ஒரு ஆட்டை அறுத்தாள். சாயங்காலத்துக்குள் பட்டை உரித்து அடுக்கிவிட்டோம். அடிமரங்களை அப்படியே விட்டிருக்கிறோம். அதன் மேல் உட்கார்ந்துதான் எல்லாரும் தேநீர் குடித்தார்கள்.

உன் கடிதத்தை ஓமுர்சாக்குக்குக்கூடக் காட்டவில்லை. காட்டினால் என்ன சொல்வான்? "அக்கா எழுதினா சத்தியம்" என்பான். அப்புறம் நான் அந்த நாற்பது பேரின் முகத்தில் எப்படி முழிப்பது?

நீ எண்ணப் போகிறாயா? எண்ணு. வீடுகளை எண்ணும்போது அவற்றில் இருக்கிறவர்களையும் எண்ணிக்கொள். யாரும் ஆசைக்குப் போய் அங்கே கட்டவில்லை. மேலே இடமில்லை, போனார்கள். நீ முதல் வகை என்று எழுதிய மறுநாள் ஒருவருக்கும் பத்திரம் கிடைக்காது. கட்டினவர்களைக் காலி செய் என்பார்கள். என் வீட்டு வாசலில்தான் வந்து நிற்பார்கள், உன் அலுவலகப் படிக்கட்டில் இல்லை. ஓமுர்சாக்கும் பெண்ணைக் கட்டிக் கொடுத்துவிட்டுக் கீழே மனை கேட்டிருக்கிறான்.

பாத்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அணைக்கு ஒரு பிரச்சினைன்னா உங்கக்காவுக்குத் தூக்கம் வராது. தம்பி வீட்டுக் கல்யாணம்னா வேலை இருக்கும்." செப்டம்பரில் அக்காவாக வருவதானால் வா. நோட்டும் பேனாவுமாக வருவதானால் வராதே.

மெதெர்


பிஷ்கெக், 8 ஜூன் 2001

மெதெர்,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். "கீழே வீடுகள் இல்லை. வகை: மூன்று." அத்தை முறைச் சீர் இதுதான் என்று அதிலெத்திடம் சொல்லாதே, அவனுக்குத் தெரிய வேண்டாம். இருபது நாள் இந்தக் காகிதத்தை மேஜை இழுப்பறையில் வைத்துக்கொண்டு தினமும் எடுத்து எடுத்துப் பார்த்தேன். கடைசியில் உன் கோபத்துக்குத்தான் பயந்தேன், தண்ணீருக்கு இல்லை.

பதிலுக்கு ஒன்று செய். கசிவு நீர் வடிகிற கால்வாயில் அப்பா பதித்த அளவுத் தகடு இருக்கிறதல்லவா, அதைத் தினமும் படி. மாதம் ஒருமுறை எண்களை எனக்கு அனுப்பு. அப்பாவின் வெள்ளைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போ, உள்ளே நீலப் பூ போட்டது. கசிவு நீரை அதில் பிடித்து ஐந்து நிமிஷம் வை. பூ தெரிந்தால் நிம்மதி. பூ மங்கினால் அன்றைக்கே எனக்குத் தெரிய வேண்டும்.

கல்யாணத்துக்கு வருகிறேன், பேனா இல்லாமல்.

கான்ஷாயிம்


சாரி-தால், 1 நவம்பர் 2001

அக்கா,

தகட்டில் ஆறு. பூ நன்றாகத் தெரிகிறது. கல்யாணத்தில் நீ ஆடியதை ஊர் இன்னும் பேசுகிறது, எச்சரிக்கைக் கடிதம் அனுப்பலாமா என்று யோசிக்கிறேன். அதிலெத் வீட்டுக் கூரையைப் பார்த்தாயா, ஒரு உத்தரம்கூட வளையவில்லை. ஓமுர்சாக் உன் சான்றின் நகலைக் கேட்டு வாங்கிப் போனான், மனைக்கு.

மெதெர்


சாரி-தால், 3 டிசம்பர் 2002

அக்கா,

ஏழு. பூ தெரிகிறது. ஜிபெக்குக்குப் பெண் குழந்தை. ஓமுர்சாக் வீடு கட்டி முடித்துவிட்டான், கடைசி வரிசையில் ஆற்றை ஒட்டி. நீ பயந்தது போல எதுவும் இல்லை. சும்மா சொல்லக் கூடாது, பயமுறுத்துவதில் உனக்கு நல்ல திறமை.

மெதெர்


பிஷ்கெக், 27 பிப்ரவரி 2004

மெதெர்,

நீ அனுப்பிய எண்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். அக்டோபரில் எட்டு, நவம்பரில் எட்டு. டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி எட்டு. குளிர்காலம் முழுவதும் அணையில் நீர் ஏறிக்கொண்டே இருக்கும், கசிவும் கூடவே ஏற வேண்டும். உன் எட்டு மட்டும் அசையாமல் நிற்கிறது.

பொய் எண் எப்படி இருக்கும் என்று எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. பதினேழு வருஷம் எழுதியவள். அது எப்போதும் போன வருஷத்து வரி மாதிரியே இருக்கும்.

கோபப்படாமல் கேட்கிறேன். கிண்ணத்தில் பூ தெரிகிறதா?

கான்ஷாயிம்


சாரி-தால், 12 மார்ச் 2004

அக்கா,

தெரியவில்லை.

அக்டோபரில் பதினொன்று. புது வருஷத்தில் பதினான்கு. நேற்றுப் பத்தொன்பது. ஜனவரி முதலே பூ மங்கல். இப்போது பால் விட்ட தேநீர் மாதிரி இருக்கிறது. அடிமரங்களில் இடமிருந்து ஏழாவது உள்ளே புதைந்துவிட்டது, கையை விட்டால் முழங்கைவரை போகிறது. நானும் ஓமுர்சாக்கும் நாலு வண்டி சரளைக்கல் கொட்டினோம். கல்லுக்கு அடியில் தண்ணீர் பாட்டுக்குப் போகிறது. அவனிடம், "வருஷா வருஷம் செய்கிற பராமரிப்பு" என்று சொல்லி வைத்தேன். நம்பினான். என்னை எதற்காக நம்புகிறார்கள் என்றே புரியவில்லை.

ஏன் மறைத்தேன் என்று நீ கேட்பாய். சொன்னால் நீ வகையை மாற்றுவாய். கீழே இப்போது அறுபத்துமூன்று வீடு. மூன்று வருஷமாக, "மெதெரோட அக்கா எழுதிக் குடுத்துட்டாங்க, பயமில்லே" என்று சொல்லிச் சொல்லிக் கட்டியிருக்கிறார்கள். இந்த மாதம் தானாக நின்றுவிடும், அடுத்த மாதம் நின்றுவிடும் என்று பார்த்தேன். எட்டு என்று எழுதும்போது கை கொஞ்சம்கூட நடுங்கவில்லை, அக்கா. அதை நினைத்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது.

என் பேத்தி அங்கே நடை பழகுகிறாள். என்ன செய்ய வேண்டும் என்று சொல்.

மெதெர்


பிஷ்கெக், 16 மார்ச் 2004
(வேன்காரர் கையில்)

மெதெர்,

இதைப் படித்ததும் மதகைத் திற. முழுதாக. யாருடைய ஆணைக்கும் காத்திருக்காதே. என் கையெழுத்து போதும் என்று சொல், ஊர் முழுக்க என் கையெழுத்தைத்தானே நம்புகிறது.

கோடைக்குத் தண்ணீர் இருக்காது. கோதுமை போகும், வெங்காயம் போகும். ஊர் உன்னை அடிக்க வரும். திற.

கீழே இருக்கிற எல்லாரையும் மேலே ஏற்று. அதிலெத்தை முதலில் அனுப்பு, அணைக் காவலாளியின் மகன் போனால்தான் மற்றவர்கள் போவார்கள். மரங்களைப் பற்றிச் சொல். என்னைப் பற்றியும் சொல்.

நான் இப்போது பெரிய அலுவலகத்துக்குப் போகிறேன். நாற்பது மரம், பதினேழு அறிக்கை, அறுபத்துமூன்று வீடு, முதல் வகை. எல்லாவற்றையும் எழுதிக் கையில் வைத்திருக்கிறேன். எப்போது கூப்பிடுவார்களோ தெரியாது, வாசலிலேயே உட்கார்ந்திருப்பேன்.

கான்ஷாயிம்


சாரி-தால், 2 ஏப்ரல் 2004

அக்கா,

செய்தியில் கேட்டிருப்பாய். நடந்ததை நான் சொல்கிறேன்.

பதினேழாம் தேதியே மதகைத் திறந்தேன். மறுநாள் காலை ஊர் அணை மேல் நின்றது. விதைப்பதற்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லை, தண்ணீரை ஆற்றில் விடுகிறாயே, பைத்தியமா என்றார்கள். மரங்களைப் பற்றிச் சொன்னேன். "நட்டதும் நீ, வெட்டினதும் நீ. தண்ணி மட்டும் எங்களுதா?" என்று ஒருவர் கேட்டார். அன்று மதியம் பத்துப் பேர் சேர்ந்து சக்கரத்தைத் திருப்பி மூடினார்கள். அவர்கள் போனதும் நான் திறந்தேன். மறுபடி மூடினார்கள். நாலு நாள் இப்படியே போயிற்று. ஐந்தாம் நாள் நான் சக்கரத்தைக் கழற்றி எடுத்துக் கிணற்றில் போட்டுவிட்டேன். பிறகுதான் தண்ணீர் ஒழுங்காக இறங்கியது. அந்த நாலு நாள் மட்டும் கிடைத்திருந்தால் என்று தினமும் கணக்குப் போடுகிறேன்.

அதிலெத் முதல் நாளே குடும்பத்தோடு மேலே வந்துவிட்டான். அவனைப் பார்த்து முப்பது வீடு வந்தது. மற்றவர்கள் பகலில் கீழே போவதும் இருட்டினால் மேலே வருவதுமாக இருந்தார்கள். இருபத்தாறாம் தேதி வெள்ளிக்கிழமை. நல்ல வேளை, ஆண்கள் எல்லாரும் மேலே பள்ளிவாசலில் இருந்தார்கள், பெண்கள் ஒரு சாவு வீட்டுக்கு ரொட்டி சுடப் போயிருந்தார்கள். ஏழாவது அடிமரம் இருந்த இடத்தில்தான் சரிந்தது. முதலில் பழுப்பாக ஒரு ஊற்று, பிறகு ஒரு வண்டி போகிற அளவுக்கு ஓட்டை, பிறகு கரை உட்கார்ந்தது. பாதித் தண்ணீர்தான் இருந்தது. அந்தப் பாதியே போதுமாக இருந்தது. மண் செங்கல் வீடுகள் நின்ற இடத்திலேயே கரைந்தன. அதிலெத் வீட்டு உத்தரங்கள் இரண்டு மைல் தள்ளி ஒதுங்கிக் கிடக்கின்றன. ஒன்றுகூட உடையவில்லை.

அறுபத்துமூன்று வீட்டில் ஒரே ஒரு ஆள் வெளியே வரவில்லை, அக்கா. ஓமுர்சாக்.

மெதெர்


பிஷ்கெக், 9 ஏப்ரல் 2004

மெதெர்,

வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். விசாரணைக் குழுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீயும் சொன்னாயாம்: எண்களை மறைத்தது நீ, அக்காவுக்கு ஒன்றும் தெரியாது என்று. குழுத் தலைவர் சிரித்துவிட்டார். "ரெண்டு பேரும் குத்தத்தைச் சொத்து மாதிரி இழுத்துக்கிறீங்களே" என்றார். உனக்கு என்ன தண்டனை என்று இன்னும் முடிவாகவில்லை. எனக்கு எதுவானாலும் சரி.

அன்று பெரிய அலுவலக வாசலில் ஆறு நாள் உட்கார்ந்திருந்தேன். ஏழாவது நாள் கூப்பிட்டார்கள். கோப்பைப் புரட்டிவிட்டு அந்த அதிகாரி கேட்டார்: "மூணாம் வகைன்னு நீங்களே எழுதியிருக்கீங்களேம்மா, இதுல அவசரம் என்ன?"

ஒன்று மட்டும் சொல். ஓமுர்சாக் ஏன் வரவில்லை? அவன் உன் பேச்சைத் தட்டுகிற ஆள் இல்லை. நீ நேரில் போய்ச் சொல்லியிருப்பாய். அவனுக்குக் கசிவு தெரியும், கல் கொட்டியவனே அவன்தான். எனக்குத் தூக்கம் இல்லை. எதுவாக இருந்தாலும் சொல், மறைக்காதே.

கான்ஷாயிம்


சாரி-தால், 24 ஏப்ரல் 2004

அக்கா,

இதை உனக்கு எழுதக் கூடாது என்று இருந்தேன். இரண்டு முறை எழுதிக் கிழித்தேன். மறைத்ததெல்லாம் போதும்.

நான் அவன் வீட்டுக்கு மூன்று முறை போனேன். கடைசியாகப் போனது அந்த வெள்ளிக்கிழமை காலை. தொழுகைக்குப் போகிற பழக்கம் அவனுக்கு எப்போதுமே இல்லை. மனைவி ஊல்கானை மட்டும் ரொட்டி சுட அனுப்பிவிட்டு, சமையலறைச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தான். "கிளம்புடா, அணை நிக்காது" என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்த காகிதத்தைக் காட்டினான். உன் சான்றின் நகல்.

"நீ கல்லு கொட்டறப்ப என்கிட்ட பராமரிப்பு, பராமரிப்புன்னு பொய் சொன்னவன். இன்னிக்கு அணை நிக்காதுங்கறே. எதை நான் நம்பறது? இதைப் பாரு. உங்கக்கா எழுதினது. தம்பி ஆட்டையே விட்டு வைக்காதவ."

அது பொய்யடா, எனக்காக எழுதியது என்று கத்தினேன். அவன் சிரித்தான். "போடா, உனக்காக அவ எழுதுவாளா?" என்றான்.

அவனை இழுத்துக்கொண்டு வந்திருக்கலாம். என்னைவிட மெலிந்தவன். மற்ற வீடுகளையும் பார்க்க வேண்டுமே என்று போய்விட்டேன். மத்தியானம் திரும்பிவந்து தூக்கிக்கொண்டு போகலாம் என்று நினைத்தேன்.

அவன் உடலை எடுத்தபோது கண்ணாடிச் சட்டம் இல்லை. காகிதத்தை மடித்து மேல்சட்டையின் உள்பையில் வைத்திருந்தான். வெளியே வரும்போது எடுத்திருப்பான் போலிருக்கிறது. ஊல்கான் அதைக் காயவைத்து என்னிடம் கொடுத்தாள். மை கலைந்துவிட்டது, உன் கையெழுத்து மட்டும் படிக்க முடிகிறது. என்னால் வீட்டில் வைத்திருக்க முடியவில்லை, இதோடு அனுப்புகிறேன்.

உன் இடத்துக்கு வந்திருக்கும் புது ஆள் நேற்று வந்தான். இளைஞன், ஒழுங்கானவன். மிஞ்சியிருக்கிற கரையை அளந்தான், சமவெளி முழுக்க நடந்து எண்ணினான். பிறகு அணை மேல் உட்கார்ந்து எழுதினான். எட்டிப் பார்த்தேன். "கீழே வீடுகள் இல்லை. வகை: மூன்று." நீ எழுதியது இப்போது உண்மையாகிவிட்டது.

மே நான்காம் தேதி ஓமுர்சாக்கின் நாற்பதாம் நாள். திங்கட்கிழமை வேனில் உனக்கு இடம் சொல்லி வைத்திருக்கிறேன். நீ வரலாமா என்று ஊல்கானிடம் கேட்கவே எனக்கு மூன்று நாள் ஆயிற்று. மாவு பிசைந்துகொண்டிருந்தாள், நிமிர்ந்து பார்க்கவில்லை.

"வரச் சொல்லு" என்றாள். "அவரு வீடு கட்டின நாள்லேருந்து அந்தப் பேரைச் சுவத்துல மாட்டி வச்சிருந்தாரு. கல்யாணத்துல ஆடினப்ப தூரத்துல பாத்ததுதான், நான் இன்னும் அவ முகத்தைக் கிட்டப் பாத்ததில்லே."

மெதெர்